பென்சிலுக்குள் ஈயம் வந்த கதை

பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளுக்கு மும்மொழி வீட்டுப்பாடம் பழகிப்போன ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், கூடவே கட்டாயப் பாடமாகக் கன்னடம். அந்தக் கன்னடத்தில் பென்சிலுக்கு 'சீஸத கட்டி' என்று ஒரு பெயர் உண்டு. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவென்யூ ரோடு கடையில் நிற்கும் கன்னடக்காரரும் 'பென்சில் கொடி' (கொடுங்கள்) என்றுதான் கேட்பார். நம்மிடம் புத்தகத் தமிழ் இருப்பது போல அவர்களிடம் புத்தகக் கன்னடம். கட்டி என்றால் அங்கே குச்சி. ஊதுவத்தியை 'ஊதினகட்டி' என்று சொல்லி இந்த ஊரில் எல்லோரும் கேட்டிருப்போம். சீஸ என்றால் ஈயம். ஆக, ஈயக்குச்சி. இதைப் படித்துக்காட்டியதும் பிள்ளை அடுத்து என்ன கேட்கும் என்பது தெரிந்ததுதான்: ஈயம் விஷம் என்கிறார்களே, அப்புறம் ஏன் அதைக் கையில் கொடுத்து எழுதச் சொல்கிறீர்கள்?

பென்சிலில் ஈயம் இல்லை. மரத்துக்குள் இருக்கும் கறுப்புக் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டது. கிராஃபைட் என்பது சுத்தமான கரிமம், அதாவது அடுப்புக்கரிக்கும் வைரத்துக்கும் மூலமான அதே தனிமம். அப்படியானால் கன்னடக்காரர்கள் மட்டும் ஏன் ஈயம் என்றார்கள் என்று கேட்டால், அவர்கள் மட்டும் இல்லை. மராத்தியில் 'சிசபென்சில்', அதிலும் ஈயம்தான். ஜெர்மானியர் 'பிளைஷ்டிஃப்ட்' என்பார்கள், ஈயக்குச்சி. அரபியில் 'கலம் ரஸாஸ்', ஈயப்பேனா. சீனத்திலும் ஈயப்பேனா. ஜப்பானியர் எழுதுவதை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் ஈயத்தூரிகை என்று வரும். ஆங்கிலேயர் பென்சிலின் உள்குச்சியை இன்றைக்கும் 'லெட்' என்கிறார்கள். அவர்களிடமிருந்து வாங்கி நம் பிள்ளைகளும் பென் பென்சிலுக்குப் போட 'ஒரு பாக்கெட் லெட், பாயின்ட் ஃபைவ்' என்று கேட்கிறார்கள். இத்தனை மொழிகளும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்திருக்கின்றன என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

காரணம் இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பர்லாந்து மலைப்பகுதியில் இருக்கிறது. 1560களில் அங்கே பாரோடேல் என்ற பள்ளத்தாக்கில் ஒரு கறுப்புப் பொருள் கட்டிகட்டியாகக் கிடைத்தது. தொட்டால் வழவழப்பு, இழுத்தால் கருங்கோடு. புயலில் ஒரு மரம் சாய்ந்து அதன் வேரடியில் வெளிப்பட்டது என்று அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மேய்ப்பர்கள் ஆட்டின் மேல் அடையாளம் போட எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டியைக் கத்தியால் அறுத்து, நூல் சுற்றியோ மரத்தில் செருகியோ பிடித்துக்கொண்டால் எழுதலாம். பென்சில் அவ்வளவுதான். 1565இல் சுவிட்சர்லாந்துக்காரர் கான்ராட் கெஸ்னர் தன் நூலில் மரக்குழலில் செருகிய அப்படியொரு எழுதுகுச்சியைப் படம் போட்டே காட்டியிருக்கிறார்.

இது என்ன பொருள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதுவதற்கு உலோக ஈயம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ரோமானியர் காலந்தொட்டு ஏடுகளில் மெல்லிய சாம்பல் கோடு போடுவதற்கு ஈயத் துண்டுதான். புதிதாகக் கிடைத்த கல்லும் அதே வேலையைச் செய்தது, இன்னும் கறுப்பாக. சரி, இதுவும் ஒரு வகை ஈயம்தான் என்று முடிவு கட்டி, 'கறுப்பு ஈயம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லத்தீன் படித்தவர்கள் 'பிளம்பேகோ' என்றார்கள். அதிலும் ஈயத்தின் லத்தீன் பெயரான 'பிளம்பம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வேடிக்கை உண்டு. 'கறுப்பு ஈயம்' என்பதை அப்படியே தமிழாக்கினால் காரீயம். ஆனால் நம்முடைய காரீயம் கிராஃபைட் இல்லை, அசல் ஈய உலோகம். வெள்ளையாக இருக்கும் தகரம் வெள்ளீயம், கருமையாக இருக்கும் ஈயம் காரீயம் என்று நம் ஆட்கள் பிரித்தார்கள். பழைய ரோமானியரும் அச்சு அசலாக இப்படியே பிரித்திருக்கிறார்கள்: வெள்ளைப் பிளம்பம் என்றால் தகரம், கறுப்புப் பிளம்பம் என்றால் ஈயம். ஆக, உலோகத்தை நிறத்தால் பிரித்த வரைக்கும் இரண்டு நாகரிகங்களும் சரி. கறுப்பாக இருந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து இந்தக் குடும்பத்தில் சேர்த்தபோதுதான் தப்பு நடந்தது.

தப்பைக் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1779இல் சுவீடன் வேதியியலாளர் கார்ல் ஷீலே இந்தப் பொருளைச் சோதித்து இதில் ஈயமே இல்லை, இது கரிமம் என்று காட்டினார். 1789இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர், எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிராஃபைட்' என்று பெயர் சூட்டினார். கல்லுக்குப் பெயர் மாறியது; குச்சிக்கு மாறவில்லை. அதற்குள் பள்ளிக்கூடம், தச்சுப்பட்டறை, கணக்கப்பிள்ளை மேசை எல்லா இடத்திலும் ஈயம் என்ற பேச்சு வேரூன்றிவிட்டது. ஐரோப்பியர் அந்தக் குச்சியைக் கப்பலில் கொண்டுவந்தபோது கூடவே தப்பும் வந்து இறங்கி, கன்னடப் பெயரிலும் மராத்திப் பெயரிலும் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பாரோடேல் கல்லுக்கு அன்றைக்கு இருந்த மதிப்பையும் சொல்ல வேண்டும். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உள்பூச்சாக அது தேவைப்பட்டது. அதனால் திருட்டு பெருகி, 1752இல் அந்தக் கல்லைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி ஆங்கிலேயப் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. 1793இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டதும் பிரெஞ்சுக்காரருக்கு இந்தக் கல் கிடைக்காமல் போனது. நிக்கோலா ஜாக் கோண்டே என்பவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு உலகம் முழுக்க பென்சில் செய்யும் முறைக்கு அதுவே அடிப்படை. களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு மங்கலாகும். கிராஃபைட் கூடினால் மென்மை, நல்ல கறுப்பு. பென்சிலில் பொறித்திருக்கும் எச் என்பது கடினம், பி என்பது கறுப்பு, எச்பி நடுவாந்தரம்.

சீவாத பென்சில் ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமான கரிக்குச்சியின் இரண்டு பக்கமும் மரத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். பென்சிலில் துளை போட்டுக் குச்சியை நுழைப்பதில்லை. காடி வெட்டிய ஒரு பலகைமேல் குச்சிகளை அடுக்கி, அதே மாதிரி இன்னொரு பலகையால் மூடி ஒட்டி, அப்புறம்தான் ஒவ்வொன்றாக அறுக்கிறார்கள். அந்தக் கோடு ஒட்டுப்போட்ட இடம். நம் நாட்டில் இந்தப் பலகையில் பெரும்பங்கு காஷ்மீரின் புல்வாமா பக்கத்துப் பாப்லர் மரத்திலிருந்து வருகிறது. பெங்களூர்ப் பிள்ளைகளின் டப்பாவில் தவறாமல் கிடக்கும் சிவப்பு கறுப்புக் கோடு போட்ட நடராஜ் பென்சிலைச் செய்வது 1958இல் தொடங்கிய மும்பைக் கம்பெனி. தில்லை ஆடல்வல்லானின் பெயரில் பென்சில் விற்கும் யோசனை தமிழ்நாட்டில் யாருக்கும் முதலில் தோன்றாமல் போனது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். கிராஃபைட் நம் சிவகங்கை மண்ணிலும் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது.

இது வரை குச்சியின் கதை. 'பென்சில்' என்ற சொல்லின் கதை இதைவிட ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது, அதற்கும் எழுதுகுச்சிக்கும் முதலில் ஒரு சம்பந்தமும் இல்லை.

லத்தீனில் வாலுக்குப் பழைய காலத்தில் ஒரு சொல் இருந்தது. அதைச் சிறுமையாக்கி 'பெனிகுலுஸ்' என்றார்கள்: குட்டிவால், துடைக்கும் தூரிகை. அதையும் இன்னொரு முறை சிறுமையாக்கினால் 'பெனிசில்லுஸ்', வாலினும் குட்டியான வால். விலங்கின் வால் நுனி மயிரைக் கட்டிச் செய்த ஓவியத் தூரிகைக்கு அது பெயரானது. இது பின்னாளில் யாரோ ஊகித்த கதை இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சிசரோ ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் முன்னோர் வாலை இப்படிச் சொன்னார்கள், அந்த ஒப்புமையால்தான் தூரிகைக்கு இந்தப் பெயர் என்று விளக்குகிறார். அவர் விளக்கியதற்குக் காரணம் வேறு. வாலைக் குறித்த அந்த மூலச்சொல் அவர் காலத்துக்குள் ஆண்குறிக்கான சொல்லாகிவிட்டது. நேற்று நாகரிகமாக இருந்த சொல் இன்று எப்படி அசிங்கமாகிறது என்பதுதான் கடிதத்தின் பேச்சு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இன்றும் அதே பொருளில் அப்படியே இருக்கிறது. பென்சிலின் வேர்ச்சொல்லைப் பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

லத்தீன் தூரிகை பழைய பிரெஞ்சுக்குள் 'பின்செல்' ஆகி, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு 'பென்சில்' என்று வந்து சேர்ந்தது. அப்போதும் பொருள் தூரிகைதான். பாரோடேல் கல் கிடைப்பதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பு இது. மெல்லிய கோடு இழுக்கும் கருவி என்பதால் கல் குச்சிக்கும் அதே பெயரை நீட்டினார்கள். ரொம்ப நாள் இரண்டும் ஒன்றாகவே ஓடின; 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஓவியரின் பென்சில் என்று வந்தால் தூரிகை என்றே படிக்க வேண்டும். மற்ற ஐரோப்பியர் சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவிட்டார்கள். பிரெஞ்சு 'பேன்சோ', ஸ்பானிய 'பின்செல்', ஜெர்மன் 'பின்சல்' மூன்றும் இன்றைக்கும் தூரிகைதான். பென்சிலுக்கு பிரெஞ்சுக்காரர் சுண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'கிரேயான்' என்பதைச் சொல்கிறார்கள்.

பென், பென்சில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நினைப்பது இயல்பு. இல்லை. பென் வந்தது 'பென்னா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து, அது இறகு. இறகைச் சீவி மையில் தொட்டு எழுதியதால் அந்தப் பெயர். தனித்தமிழ் அன்பர்கள் பேனாவுக்குத் 'தூவல்' என்று வைத்ததும் இறகைக் குறிக்கும் சொல்தான். நம் 'பேனா' ஆங்கிலத்தின் வழி வந்ததும் இல்லை, போர்ச்சுகீசியரின் 'பெனா'. அவர்கள் 1498இல் மலபார் கரையில் இறங்கினார்கள். இறகுப்பேனா அவர்களிடம் இருந்தது, பென்சில் அப்போது உலகத்திலேயே இல்லை. அதனால் பேனா அவர்களிடமிருந்தும் பென்சில் பின்னால் வந்த ஆங்கிலேயரிடமிருந்தும் நமக்குக் கிடைத்ததில் ஒரு கால நியாயம் இருக்கிறது. போர்ச்சுகீசியர் பென்சிலை 'லாபிஸ்' என்பார்கள், கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் இன்னும் கொஞ்ச காலம் கோலோச்சியிருந்தால் நாம் லாபிஸ் சீவிக்கொண்டிருப்போம்.

தூரிகையின் பழைய பொருள் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பூஞ்சையின் நுனி தூரிகை மயிர் போலப் பிரிந்திருப்பதைப் பார்த்து 1809இல் அதற்கு 'பெனிசிலியம்' என்று பெயர் வைத்தார்கள். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அந்தப் பூஞ்சை கிருமிகளைக் கொல்வதைக் கவனித்தார், பெனிசிலின் பிறந்தது. ஊசி மருந்தும் ஓவியத் தூரிகையும் பென்சிலும் ஒரே வேர். இன்னொன்று ஒளியியல். ஒரு புள்ளியிலிருந்து விரியும் கதிர்களை ஆங்கிலத்தில் கதிர்ப் பென்சில் என்பார்கள். மயிர்க்கட்டு போல விரிவதால். நம் பாடநூல் 'ஒளிக்கற்றை' என்கிறது. கற்றை என்பதும் முடிக்கற்றைதான். இரண்டு மொழிக்கும் ஒளியைப் பார்த்ததும் மயிர் நினைவுக்கு வந்திருக்கிறது.

தமிழில் தூரிகைக்கும் பேனாவுக்கும் இந்த இழுபறி இல்லை, ஏனென்றால் நம் 'எழுது' இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஓவியமும் எழுதலாம், ஓலையும் எழுதலாம், கண்ணுக்கு மையும் எழுதலாம். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல் கொண்கன் பழிகாணேன் கண்ட இடத்து' என்பது குறள். மை எழுதும்போது கண்ணுக்கு அந்தக் கோல் தெரியாது. அதுபோல அவனைக் கண்டதும் அவன் குற்றம் எனக்குத் தெரியவில்லை என்கிறாள் தலைவி. அந்தக் கோல் இன்றைக்கு அழகுசாதனக் கடையில் காஜல் பென்சில் என்ற பெயரில் தொங்குகிறது. அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிவைத்து 2009இல் திறந்தார்களே, அந்த வள்ளுவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள் ஞாபகம் வரும். சிலை அரசியலைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள், அதை விடுவோம்.

கண் மை என்றதும் ஈயத்துக்கு மறுபடி வர வேண்டியிருக்கிறது. சிவாஜிநகர்ப் பக்கம் அத்தரோடு சுர்மாவும் விற்பார்கள். சுர்மா என்ற பெயரில் வரும் பொடிகளில் பல, ஈய சல்பைடு என்னும் தாதுவை அரைத்தவை. குழந்தையின் கண்ணில் தீட்டி, அது கையால் தேய்த்து, அந்த விரலை வாயில் வைத்தால் ஈயம் உடம்புக்குள் போய்விடும். இதனால் குழந்தைகளுக்கு ஈய நச்சு ஏறியதை மருத்துவர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, பெயரில் ஈயம் இருக்கும் சீஸத கட்டியில் ஈயம் இல்லை. பயப்பட வேண்டிய ஈயம் பெயரில் ஈயமே இல்லாத டப்பியில் இருக்கிறது. பென்சில் முனை கையில் குத்திவிட்டால் கழுவிவிட்டு, முனை ஒடிந்து உள்ளே நின்றிருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான், விஷம் ஏறும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பென்சிலைக் கடிக்காதே என்று பாட்டிகள் சொன்னதில் நியாயம் உண்டு. மேலே பூசும் பெயின்ட்டில் அந்தக் காலத்தில் ஈயம் கலப்பது வழக்கம்.

பென்சிலுக்கு முன்னால் வரும் சிலேட்டுக் குச்சியில் தமிழும் கன்னடமும் ஒன்றாகவே இருக்கின்றன. நமக்குப் பலப்பம், சென்னைப் பக்கம் பல்பம்; கன்னடத்தில் பளப, தெலுங்கில் பலபம். பளப என்பது குச்சிக்கு மட்டும் பெயர் இல்லை, அந்தக் கல்லுக்கே பெயர். நகத்தால் கீறினால் கோடு விழும் மாக்கல் வகை. பேலூர், ஹளேபீடு கோயில்களை ஹொய்சளர் கட்டியதும் 'பளபத கல்லு' என்று இங்கே சொல்கிற மென்கல்லில்தான். பேலூர்ச் சிலைகளின் நகையில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகச் செதுக்க முடிந்ததற்கு அந்த மென்மை ஒரு முக்கியக் காரணம். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோயிலும் 'அ' எழுதிப் பழகிய குச்சியும் ஒரே பெயர்க் கல் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், சுற்றுலாவில் கொஞ்சம் கவனமாகவே பார்ப்பார்கள்.

தமிழில் பென்சிலுக்கு அகராதிகள் தரும் சொல் 'கரிக்கோல்'. இத்தனை மொழிகளின் பெயர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேதியியல்படி சரியாக இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. கரி, உள்ளே இருக்கும் கரிமம். கோல், கையில் பிடிக்கும் குச்சி. ஈயமும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் யாரும் சொல்வதில்லை. 'பென்சில்' தமிழ் நாக்குக்கு அவ்வளவு தோதாக வந்து உட்கார்ந்துவிட்டது: பென்சிலை, பென்சிலால், பேச்சில் பென்சிலு. அதைச் சுற்றி ஒரு சின்ன அகராதியே வளர்ந்திருக்கிறது. தலை சீவுவது போலப் பென்சிலையும் சீவுகிறோம். ரப்பர் பிள்ளைகள் வாயில் லப்பர் ஆகிறது. ஷார்ப்னரை பெங்களூரில் 'மெண்டர்' என்பார்கள். இறகுப்பேனா முனையைச் சீவிச் செப்பனிட்ட காலத்து ஆங்கிலம் இங்கே இன்னும் தங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்று நம்பி எத்தனை வீடுகளில் பால் வீணானதோ. மரச்சீவல் ரப்பர் ஆகாது, ஆனாலும் அந்த ஆராய்ச்சி ஒவ்வொரு தலைமுறையிலும் நடக்கிறது.

இப்போது சொல் மறுபடியும் பொருளை விட்டு நகர்ந்துவிட்டது. ஒல்லியாக நீளமாக இருந்தால் போதும், பென்சில். தீபாவளிக்கு முன்னால் அத்திப்பள்ளி, ஓசூர் சாலைப் பட்டாசுக் கடைகளில் பென்சில் என்று கேட்டால் கையில் பிடித்துக் கொளுத்தும் வாணத்தைத் தருவார்கள். சாட்டைக்கும் புஸ்வாணத்துக்கும் நடுவில் அடுக்கியிருக்கும். பென்சில் மீசை, பென்சில் ஹீல்ஸ் எல்லாம் இந்தக் கணக்குதான். டேப்லெட்டில் எழுதும் பிளாஸ்டிக் குச்சிக்கு 2015இல் ஆப்பிள் கம்பெனி பென்சில் என்றே பெயர் வைத்தது. அதில் கரியும் இல்லை, மரமும் இல்லை. மை இல்லாமல் முனையால் மட்டும் எழுதுவதால் நம் எழுத்தாணிக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். இந்த மாதிரிக் குச்சிகளில் சிலவற்றுக்கு உள்ளே மெல்லிய பேட்டரி போட வேண்டும், அதையும் கடையில் 'பென்சில் செல்' என்றுதான் கேட்கிறோம்.